கணினிக் கணக்கும் வில்லங்கச் சான்றும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் முதலிய கரிசற் சீமைகளில் நிலம் வாங்கப் புகும் எவரையும், விலை பேசி முடிக்குமுன், "வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்றா?" என்று உற்றார் கேட்பது வழக்கம். எழுத்தறியாத குடியானவரும் இக்கேள்வியை மறப்பதில்லை. விற்பவன் கையிலுள்ள பத்திரம் இன்றைய நிலையை மட்டுமே கூறும். அந்நிலம் எவரிடமிருந்து எவருக்கு, எந்நாளில் மாறிற்று, இடையில் ஈடு வைக்கப்பட்டதா என்பவற்றையெல்லாம் வில்லங்கச் சான்றே கூறும். இன்றைய நிலையை மட்டும் கண்டு நம்புதல் ஆகாது, அந்நிலைக்கு வந்த வழியையும் காணல் வேண்டும் என்பது நம் ஜனங்கள் அநுபவத்தாற் கண்ட உண்மை. இவ்வுண்மையைக் கணினிக் கணக்குகளுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இன்று நம் வாழ்வின் பெரும்பகுதி கணினிக் கணக்குகளுள் அடங்கிவிட்டது. பட்டா, சிட்டா, அடங்கல், குடும்ப அட்டை, முதியோர் உதவித்தொகை, பயிர்க் காப்பீடு, தேர்வு மதிப்பெண் ஆகிய யாவும் எங்கோ ஓரிடத்துச் சர்வரில் வரிசை வரிசையாக நிற்கின்றன. செய்திகளை அட்டவணைகளாக வகுத்து, ஓர் அட்டவணையை மற்றோர் அட்டவணையோடு உறவுபடுத்திக் காக்கும் முறையை எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-ஆம் ஆண்டில் வெளியிட்டார். உறவுசார் தரவுத்தளம் எனப்படும் அம்முறையே இன்று வங்கி முதல் வட்டாட்சியர் அலுவலகம் வரை எங்கும் ஆட்சி செலுத்துகின்றது. அதன் சௌகரியங்கள் பல. ஆனால் அதன் இயல்பிலேயே ஓர் அபாயமும் உண்டு. ஒரு வரிசையைத் திருத்துக என்று கட்டளையிட்டால், பழைய எண் இருந்த இடத்திற் புதிய எண் அமர்ந்துவிடும். அடித்த கோடு இல்லை. மையின் வேறுபாடு இல்லை. அருகிற் சுருக்கொப்பம் இல்லை. இரண்டு ஏக்கர் ஓர் ஏக்கராக மாறினால், அது பிறந்த நாள் முதல் ஓர் ஏக்கராகவே இருந்ததுபோல் நமக்குக் காட்சியளிக்கும். இயந்திரம் பழுதுற்றால் மீட்பதற்கென்று தரவுத்தளம் தனக்குள்ளே ஒரு குறிப்பு எழுதிக்கொள்வது உண்மையே. எனினும், அது மீட்புக்காக எழுதப்படுவது. வேலை முடிந்ததும் கழிக்கப்படுவது. அதனைச் சாட்சியாகக் கொள்ளுதல் இயலாது.

பழைய கிராமக் கணக்கு இவ்வாறு இருந்ததில்லை. கர்ணம் மையால் எழுதினார். பிழை நேர்ந்தால், பழைய எழுத்துத் தெரியும்படி கோடிட்டு, மேலே புதியது எழுதி, அருகே ஒப்பமிடுதல் முறை. அக்கணக்கை வருவாய் ஆய்வாளர் பார்த்தார். பசலி ஆண்டு முடியுந் தறுவாயில் ஜமாபந்தி கூடி, மேலதிகாரி ஒருவர் கிராமந்தோறுமுள்ள கணக்குகளை வரவழைத்துத் தணிக்கை செய்தார். கர்ணங்களின் பரம்பரை உத்தியோகம் 1980-ஆம் ஆண்டு நவம்பரில் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் முறை வந்த பின்னரும் ஜமாபந்தி நின்றுவிடவில்லை. இன்றும் ஆண்டுதோறும் நடந்துவருகின்றது. கர்ணங்கள் யாவரும் நேர்மையாளர் என்று கூற வந்தோமல்லோம். அவர்கள் கைவரிசைக்கு இலக்கான குடும்பங்கள் கரிசற் காட்டில் எத்தனையோ! ஆயினும் எழுதுவோன் ஒருவன், பார்ப்போன் மற்றொருவன் என்ற பிரிவினை அம்முறையில் இருந்தது. இதனினும் தொன்மையான சான்று வேண்டுமாயின், முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் காண்க. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் பின்னர் வாரியத்திற்குத் தகுதியற்றவராக விலக்குகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பொதுக் கணக்கு அத்துணைக் கண்டிப்புடன் கேட்கப்பட்டது.

தரவுத்தளத்திலும் தணிக்கைக்கு வழியுண்டு. உதாரணமாக, மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரின் எஸ்.க்யூ.எல். சர்வரில் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் தணிக்கை என்பது தனியோர் உறுப்பாகவே அமைந்துள்ளது. அதனை அமைப்போன் மூன்று விஷயங்களைத் தீர்மானித்தல் வேண்டும். சாட்சிக் குறிப்பை எங்கே எழுதுவது என்பது முதலாவது. தனிக் கோப்பில் எழுதலாம், இயங்குதளத்தின் பாதுகாப்புக் குறிப்பேட்டிலும் எழுதலாம். சர்வர் முழுமைக்கும் எவற்றைக் கவனிப்பது என்பது இரண்டாவது. உள்ளே நுழைந்தவர், நுழைய முயன்று தோற்றவர், ஒருவருக்குப் புதிய அதிகாரம் வழங்கியவர் ஆகியோரின் செயல்கள் இதில் அடங்கும். எந்தத் தரவுத்தளத்தில், எந்த அட்டவணையில், யார் படித்தாலும் திருத்தினாலும் அழித்தாலும் குறிப்பது என்பது மூன்றாவது. ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் முதலிய பிற தரவுத்தளங்களிலும் பெயர் வேறுபட்ட இத்தகைய ஏற்பாடுகள் உள. இங்கு ஒன்றை அழுத்திக் கூறுதல் அவசியம். எஸ்.க்யூ.எல். சர்வரில் ஒரு தணிக்கையை உண்டாக்கிய மாத்திரத்தில் அது வேலை செய்யத் தொடங்குவதில்லை. உறங்கும் நிலையிலேயே பிறக்கின்றது. அதனைத் தனியே எழுப்புதல் வேண்டும். அமைத்துவிட்டோம் என்று பெயருக்குக் காட்டி எழுப்பாது விடுத்தல், காவற்காரனை நியமித்து அவனைத் திண்ணையில் உறங்கவிட்டதற்கு ஒப்பாகும். மேலும், இன்ன கட்டளை இடப்பட்டது என்பதைத் தணிக்கைக் குறிப்பு சொல்லுமேயன்றி, முன்பிருந்த எண் யாது என்பதைச் சொல்லாது. அதனை அறியப் பழைய வரிசைகளைக் கால வரிசைப்படி காத்துவைக்கும் அட்டவணைகள் வேண்டும். எஸ்.க்யூ.எல். சர்வரின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் அவ்வசதியும் இருக்கின்றது. இரண்டும் சேர்ந்தால்தான் வில்லங்கச் சான்று நிறைவுபெறும்.

இவையெல்லாம் பொறியாளர் கவலை, குடியானவனுக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கலாம். 2020-ஆம் ஆண்டில் நம் மாகாணத்தில் நடந்ததை அவர்கள் நினைவிற் கொள்ளல் நலம். சிறு உழவர் முதலாயினோருக்கு ஆண்டொன்றுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வழங்கும் பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில் நிலமே இல்லாத பலர் உழவராகப் பதியப்பெற்றுப் பணம் பெற்றமை வெளிப்பட்டது. 13 மாவட்டங்களில் தகுதியற்றவர் ஏறக்குறைய ஐந்தரை இலட்சம் பேர் என்றும், அவர்களிடம் சென்ற தொகை 110 கோடி ரூபாய் என்றும் வேளாண்மைத் துறையினர் அப்போது அறிவித்தனர். ஒப்பந்த ஊழியர் 80 பேர் நீக்கப்பட்டனர். துறை உத்தியோகஸ்தர் 34 பேர் தற்காலிகமாக விலக்கப்பட்டனர். இது நேர்ந்த வழி யாது? சுவரேறிக் குதித்த கள்வன் ஒருவனும் இல்லை. பதிவை ஏற்கும் அதிகாரமுள்ள உத்தியோகஸ்தர்களின் நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் பிறர் கைக்குச் சென்றன. அவற்றைக் கொண்டு வாயில் வழியாகவே நுழைந்து, முறைப்படியே பதிந்துவிட்டனர்.

இந்நிகழ்ச்சியில் தணிக்கையைப் பற்றிய பெரியதொரு பாடம் அடங்கியிருக்கின்றது. சாட்சிக் குறிப்பில் எழுதப்படுவது நுழைவுப் பெயரேயன்றி மனிதனின் முகம் அன்று. ஒரு பெயரைப் பத்துப் பேர் பங்கிட்டுக்கொண்டால், குறிப்பு எத்துணை நுட்பமாக எழுதப்பட்டாலும் அது பொய்ச்சாட்சியே. குற்றம் செய்தவன் மறைந்துகொள்வான். பெயருக்கு உரியவன் அகப்பட்டுக்கொள்வான். வேலை மிகுதியால் தன் கடவுச்சொல்லைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கூறிவிடும் உத்தியோகஸ்தர், வெறுந்தாளிற் கையெழுத்திட்டுக் கொடுப்பவரை ஒத்தவர். இதே பிழை இயந்திர அமைப்பிலும் உண்டு என்பதை மாணாக்கர் கவனிக்க. பல மென்பொருள்கள், ஆயிரம் பேர் பயன்படுத்தினும், தரவுத்தளத்தினுள் ஒரே பெயரால் நுழைகின்றன. அங்குள்ள தணிக்கை, மென்பொருள் திருத்திற்று என்று மட்டும் ஆயிரம் முறை எழுதும். மென்பொருளுக்கு அப்பால் அமர்ந்திருந்தவர் யாரென்று எழுதாது. ஆகலின், உண்மையாகப் பயன்படுத்துவோரின் பெயரை ஒவ்வொரு செயலோடும் தரவுத்தளம் வரை கொண்டுசெல்லுமாறு மென்பொருளை வகுத்தல் வேண்டும். தணிக்கையை இயக்குவது ஒரு நாள் வேலை. ஒருவருக்கு ஒரு பெயர் என்னும் ஒழுங்கை அலுவலகத்தில் நிலைநாட்டுவது பல ஆண்டு வேலை. பின்னதைச் செய்யாது முன்னதை மட்டும் செய்வதாற் பிரயோஜனம் சிறிதே.

அடுத்து, சாட்சிக் குறிப்பைக் காப்பவர் யார் என்னும் கேள்வி எழுகின்றது. தரவுத்தளத்தின் தலைமை நிர்வாகிக்குச் செய்ய இயலாதது அதில் ஒன்றுமில்லை. தணிக்கையை நிறுத்தவும் கோப்பை அழிக்கவும் அவரால் கூடும். வேலியே பயிரை மேயத் தொடங்கினால் விளைவைக் காப்பவர் எவர்? ஆதலால் குறிப்பு எழுதப்பட்ட உடனே வேறோர் இயந்திரத்திற்குச் சென்றுவிடல் வேண்டும்; அதன் திறவுகோல் வேறோர் அதிகாரியிடம் இருத்தல் வேண்டும். தணிக்கையை நிறுத்திய செயலும் குறிக்கப்படல் வேண்டும். இத்தனை கோப்புகளுக்கு மேற்படின் பழையதை அழித்துக்கொள்க என்று சிறியதோர் எல்லை வகுப்பதும் தீங்கே. வேண்டாத செயல்களை அடுக்கடுக்காகச் செய்து, வேண்டிய சாட்சியை அவ்வெல்லைக்கு வெளியே தள்ளிவிடத் தெரிந்தவர் உளர்.

மூலச்சான்று வேறிடத்தில் இருப்பதன் அருமையை 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆசிரியர் தேர்வு வாரியத்தார் பாலிடெக்னிக் விரிவுரையாளர் பதவிகளுக்கு நடத்திய எழுத்துத் தேர்வு காட்டியது. வெளியிடப்பட்ட மதிப்பெண்களை விடைத்தாள்களின் படிவங்களோடு ஒப்பிட்டபோது, 196 பேரின் மதிப்பெண்கள் கூட்டப்பட்டிருந்தமை தெரிந்தது. 2018 பிப்ரவரியில் அத்தேர்வு முழுவதும் இரத்து செய்யப்பட்டது. விடைத்தாள் என்னும் மூலம் கையில் இருந்தமையால் களவு பிடிபட்டது. ஆனால் நேர்மையாய் எழுதி வென்றவர்களின் உழைப்பும் அதனோடு வீணாயிற்று. எந்த வரிசையை எவர் எந்நேரத்தில் மாற்றினார் என்பதை அன்றன்றே கூறும் சாட்சியும், அதனை அன்றன்றே படிக்கும் கண்களும் இருப்பின், இத்தகைய களவு முடிவு வெளிவருமுன்னரே தடைப்படும். குற்றமற்றோர் துன்புற வேண்டியதில்லை.

தணிக்கையால் இயந்திரத்தின் வேகம் குறையும், இடம் பெருகும் என்பது பொறியாளர் கூறும் ஆட்சேபம். எல்லாவற்றையும் குறிக்க முயன்றால் அவ்வாறே ஆகும். குப்பையினுள் மணி மறைவதுபோல், வேண்டிய சாட்சி வேண்டாத குறிப்புகளுள் மறைந்தும் போகும். பட்டா அட்டவணை, மதிப்பெண் அட்டவணை, வங்கிக் கணக்கெண் அட்டவணை, அதிகாரம் வழங்கும் அட்டவணை என்றாற்போலத் தேர்ந்து கவனித்தால் பாரம் சிறிதே. இதனோடு தொடர்ந்த இன்னொரு தேர்வும் உண்டு. சாட்சிக் குறிப்பு எழுத இயலாது போனால் சர்வர் என் செய்ய வேண்டும்? வேலையைத் தொடரலாம், சர்வரையே நிறுத்திவிடலாம், 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், கவனிக்கப்படும் அச்செயலை மட்டும் மறுக்கவும் செய்யலாம். இது வெறும் இயந்திர விஷயமன்று, நியாய விஷயம். நியாயவிலைக் கடையில் அரிசிக்கு வரிசையில் நிற்கும் கிழவியைச் சாட்சிக் கோப்பு நிரம்பிவிட்டது என்று வெறுங்கையோடு அனுப்புதல் கொடுமை. அங்கே வேலை தொடரட்டும். ஆனால் பட்டாவில் ஒருவர் பெயரை நீக்கி மற்றொருவர் பெயரை எழுதும்போது சாட்சியில்லையேல் திருத்தமும் இல்லை என்பதே எமது அபிப்பிராயம். பட்டா மாற்றம் ஒரு நாள் தாழ்ந்தால் உலகம் முழுகிவிடாது.

உத்தியோகஸ்தரைச் சந்தேகிப்பதாகும் இது என்பது இரண்டாவது ஆட்சேபம். உண்மை இதற்கு நேர்மாறானது. கணக்கில் களவு கண்டபோது சாட்சி இல்லையேல் அவ்வறையில் இருந்த அனைவர் மீதும் சந்தேகம் விழும். சாட்சி இருப்பின் ஒருவர் மீதே விழும். நேர்மையான குமாஸ்தாவுக்குத் தணிக்கைக் குறிப்பைக் காட்டிலும் சிறந்த நண்பன் இல்லை.

இனி, சாட்சியை எத்துணைக் காலம் வைத்திருப்பது என்பதே எமக்குப் பெரிதாய்த் தோன்றும் விஷயம். இந்தியக் கணினி அவசரநிலை உதவிக் குழுவினர் 2022 ஏப்ரலில் விடுத்த கட்டளை, கணினிக் குறிப்பேடுகளை 180 நாட்கள் வைத்திருக்கச் சொல்கின்றது. 2025-ஆம் ஆண்டின் தனிமனிதத் தரவுப் பாதுகாப்பு விதிகள் ஓராண்டு என்கின்றன. கம்பெனிகளைப் பொறுத்தவரை, கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் நாளோடு பதியப்படல் வேண்டும், அப்பதிவை எவரும் நிறுத்தக் கூடாது என்னும் விதி 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. கணக்கேடுகளை எட்டாண்டு காத்தல் வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். ஆகவே கோவில்பட்டியில் கம்பெனியாகப் பதிவுபெற்ற ஒரு பஞ்சாலையோ தீப்பெட்டி ஆலையோ தன் கணக்கில் நூறு ரூபாயைத் திருத்தினாலும் அதற்குச் சாட்சி வேண்டும். நல்ல விதியே.

ஆனால் நிலத்தின் கணக்கிற்கு 180 நாளும் போதாது, எட்டாண்டும் போதாது. மானாவாரிக் கரிசலில் புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் மழை பொய்த்தோ மிகுந்தோ அழிந்தால், காப்பீட்டுத் தொகை கைக்கு வரும் முன்னரே 180 நாட்கள் கழிந்துவிடக்கூடும். அடங்கலில் பயிரின் பெயர் மாறியிருந்தமை அன்றுதான் தெரியவரும். அதனை மாற்றியவரின் குறிப்போ அதற்குள் அழிந்திருக்கும். நிலவுடைமைப் பதிவுகளைச் சீர்செய்ய 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். திட்டத்தில் நேர்ந்த பெயர்ப் பிழைகளையும் பரப்புப் பிழைகளையும் திருத்தித் தருமாறு இன்றும் குடிகள் மனுக் கொடுத்து வருகின்றனர். தந்தை காலத்தில் நேர்ந்த பிழையை மகனோ பேரனோதான் விற்கப் போகும்போது காண்கின்றான். நிலம் அழியாதது, அதன் திருத்தங்களுக்குரிய சாட்சியும் அழியாததாக இருத்தலே முறை.

மேலும் ஒன்று. அச்சாட்சி சர்வர் அறையிற் பூட்டப்பட்டு அதிகாரிகளுக்கு மட்டும் பயன்படுவதாயின் பாதிப் பயனே விளையும். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் இன்று எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதேபோல், தன் பட்டாவின் வரிசை எந்நாளில், எந்த அலுவலகத்தின், எப்பதவியாளரால், எதிலிருந்து எதுவாக மாற்றப்பட்டது என்பதை நிலத்துக்கு உரியவன் தானே பார்க்கும் உரிமை வேண்டும். மாற்றம் நேர்ந்த அன்றே அவனது கைப்பேசிக்கு ஒரு செய்தி செல்லுதல் இன்னும் நலம். தணிக்கை அதிகாரி ஆயிரம் கிராமங்களைப் பார்க்க வேண்டியவர். குடியானவனோ தன் இரண்டு ஏக்கரை மட்டும் பார்ப்பவன். அவனினும் விழிப்பான தணிக்கையாளன் உலகில் இல்லை.

இதனை அரசாங்கத்தாருக்கு மட்டும் கூறி நாம் கைகழுவிவிடுதல் தகாது. கலாசாலைகளிலும் வருகைப் பதிவு, அகமதிப்பெண், கட்டணக் கணக்கு யாவும் இன்று தரவுத்தளங்களில் உள்ளன. தன் மதிப்பெண் எப்போது பதியப்பட்டது, பின்னர் மாற்றப்பட்டதா என்பதை மாணாக்கன் அறிய ஏற்பாடு செய்யும் கலாசாலை, நேர்மையைப் பற்றிய நூறு சொற்பொழிவுகளுக்கு ஈடான போதனையைச் செய்ததாகும். ஆசிரியருக்கும் இதனால் குறைவில்லை, பாதுகாப்பே.

கணினித் துறை மாணாக்கருக்கு ஒரு சொல். உங்களிற் பலர் கரிசற் காட்டுக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். நாளை சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் சர்வர்களை ஆளப்போகின்றவர்கள். பாடத்திட்டங்களில் அட்டவணை வகுத்தல் முதலிலும், வினவல் அதன் பின்னும் வருகின்றன. தணிக்கையோ கடைசி அத்தியாயத்தில், நேரம் இருந்தால் படிக்கப்படுவது. இவ்வரிசையை நீங்கள் மாற்றுங்கள். ஒரு தரவுத்தளம் உங்கள் கைக்கு வரும்போது, இதில் யார் திருத்தலாம், திருத்தினால் அது எங்கே எழுதப்படும், அதனை யார் படிப்பார், என்னையே சந்தேகிக்க நேர்ந்தால் எனக்கு எட்டாத சாட்சி எங்கே இருக்கும் என்னும் நான்கு கேள்விகளையும் முதல் நாளே கேளுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். அளந்தவன் யார் என்பதையும் அழியாமல் எழுதிப் போடுதல் நம் காலத்தின் கடமை. நீங்கள் திருத்தும் ஒவ்வொரு வரிசைக்கும் அப்பால், விளாத்திகுளத்தையடுத்த ஏதோ ஒரு சிற்றூரில், மழையை நோக்கிக் காத்திருக்கும் ஒரு குடும்பம் உண்டு என்பதை மறவாதிருப்பீர்களாக.